மீட்டர் அறையில் ஒரு வெள்ளை நாடா

அன்று புதன்கிழமை. காலை பத்தே காலுக்கு எங்கள் குடியிருப்பின் விளக்குகள் வெளுத்தன. அந்நேரத்தில் எரிந்துகொண்டிருந்தவை சிலவே. குளியலறைகளிலும் படிக்கட்டின் இருண்ட திருப்பங்களிலும் இருந்த அந்தச் சில விளக்குகள் மஞ்சளிலிருந்து வெள்ளைக்குப் போய், வெள்ளையிலிருந்து கண் கூசும் ஒரு நீலத்துக்கும் போயின. மின்விசிறிகள் எவரும் வைக்காத வேகத்தில் சுழன்றன. சுவர்க் காலண்டர்கள் ஆணியில் படபடவென்று அடித்துக்கொண்டன. பிறகு மேல்மாடியில் ஒன்று, கீழே ஒன்று, எதிர்வீட்டில் இரண்டு என்று வெடிச்சத்தங்கள் கேட்டன. அதற்குப் பின் ஓசையே இல்லை. நாற்பத்திரண்டு வீடுகளும் மூச்சை அடக்கிக்கொண்டு எதற்கோ செவிசாய்ப்பதுபோல் இருந்தது.

தரைத்தளத்தின் பின்பக்க வீட்டில் காயில் அக்கா ஒரு மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். இருநூற்றுப் பதினோராவது சுற்றில் அவர் கை நின்றது. தலைக்கு மேலே ஓடிய விசிறியை அண்ணாந்து பார்த்தார். இறக்கைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. சுவிட்சை அணைக்க எழுந்தவர் இரண்டடி வைப்பதற்குள் அது ஒரு முறை முனகிவிட்டு, கருகிய வாடையைக் கொட்டியது.

காயில் அக்கா என்பது குடியிருப்பு அவருக்கு வைத்த பெயர். அப்போது வயது ஐம்பத்து மூன்று. இரண்டு அறைகள் உள்ள வீட்டில் முன்னறையே பட்டறை. எரிந்துபோன விசிறி, மிக்ஸி, நீர் இறைக்கும் மோட்டார் எதுவானாலும் பழைய கம்பியை உளியால் வெட்டி உருவி, காப்புத்தாள் செருகி, புதுக் கம்பி சுற்றி, இணைப்புகளை ஈயத்தால் பற்றவைத்து, வெள்ளைப் பருத்தி நாடாவால் இறுகக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துத் தருவார். நாடா ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி ஏறும். கடைசி முனை உள்ளே செருகப்பட்டிருக்கும். முடிச்சு வெளியே தெரியாது. இருபத்தெட்டு ஆண்டுகளாக அவர் வேலை அப்படித்தான்.

அவருடைய கணவரைப் பியூஸ்காரர் என்போம். குடியிருப்பு கட்டப்பட்ட நாளிலிருந்து மின்வேலை அனைத்தும் அவர் கையில் இருந்தது. அவர் இறந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் ஒரே மகள் தாயுடன் இருந்தாள். அந்த வீட்டில் வாசலிலிருந்து சமையலறை வரை சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கரிய கோடு ஓடும். பியூஸ்காரர் தம் கடைசி ஆண்டுகளில் கையை வைத்து நடந்த தடம் அது. மகள் இரண்டு முறை வெள்ளையடிக்கலாம் என்றாள். தாய் இரண்டு முறையும் மழைக்காலம் போகட்டும் என்றார்.

பதினொரு மணிக்குள் பின்பக்க வாசலில் வரிசை நின்றுவிட்டது.

"அக்கா, எங்க டிவியைக் கொஞ்சம் பாருங்களேன். என் மாமியார் மாதிரி ஆயிடுச்சு. முகம் தெரியல, சத்தம் மட்டும் வருது."

"டிவி என் வேலை இல்லம்மா. சுத்துறது எதுவா இருந்தாலும் கொண்டா."

"அப்ப எங்க வீட்டுக்காரரைத்தான் கொண்டுவரணும்" என்றாள் பின்னால் நின்றவள். "சும்மா இருக்க மாட்டார், ஊரைச் சுத்துவார்."

சிரித்தார்கள். சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. இரண்டாம் மாடியில் நுரையீரல் நோயாளி ஒருவர் இருந்தார். அவருக்கு மூச்சுக்காற்று தரும் இயந்திரம் நின்றுபோய், நான்கு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். அவருடைய உதடுகளின் நிறத்தை வரிசையில் நின்ற அனைவரும் பார்த்தனர். அவருடைய மனைவி ஒரு கையில் செருப்பையும் மறு கையில் மருந்துச் சீட்டையும் பிடித்துக்கொண்டு வெறுங்காலுடன் பின்னால் ஓடினார்.

"ஏங்க்கா, எங்க வீட்டுல எல்லாம் போச்சு, பக்கத்து வீட்டுல ஒரு பல்பு கூடப் போகலையே, எப்படி?" என்று ஒருவர் கேட்டார்.

காயில் அக்கா விளக்கினார். "மூணு பேர் மூணு பக்கம் கயிறு இழுக்கிறாங்கன்னு வைங்க. நடுவுல ஒரு முளை. முளை இருக்கிற வரைக்கும் அவங்கவங்களுக்கு அவங்கவங்க பங்கு. முளை பிடுங்கிக்கிட்டா ஒருத்தன் பங்கு இன்னொருத்தன் தலையில விழும். அந்த முளைதான் நியூட்ரல் கம்பி. எங்கயோ அது விட்டுப்போயிருக்கு."

எங்கே என்பது பிற்பகலில் தெரிந்தது. மின்வாரியத்திலிருந்து வந்தவர் தெருக்கம்பத்தைச் சோதித்துவிட்டு, தங்கள் பக்கத்தில் குறை இல்லை என்றார். குடியிருப்பின் மீட்டர் அறையைத் திறந்து பார்த்து, "உங்க நியூட்ரல்தான் கருகி அறுந்திருக்கு. உங்க ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் ஆள் என்பவர் நெட்டையன். பியூஸ்காரருக்குப் பின் வந்த மின்பணியாளர். முப்பத்தைந்து வயதும் இரண்டு குழந்தைகளும் உடையவர். ஏணியின்றியே விசிறியைக் கழற்றுவார் என்பதால் வந்த பெயர். அவர் முந்தைய வாரம்தான் அந்த அறைக்குள் தண்ணீர் மோட்டாருக்குப் புதுச் சுவிட்ச் பொருத்தியிருந்தார். சங்கச் செயலாளருக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. மீட்டர் அறை வாசலில், நான்கு பேர் நடுவில், அவர் குரலை உயர்த்தினார்.

"ஆனைக்கும் அடி சறுக்கும்பாங்க. நீ ஆனையா? நீ ஏணி. ஏணி சறுக்கினா மேல நிக்கிறவன்ல விழறான்!"

"சார், நான் நியூட்ரலைத் தொடவே இல்ல சார். மோட்டார் சுவிட்ச் அந்தச் சுவர், இது இந்தச் சுவர்."

"ஞாயித்துக்கிழமை கூட்டம். அங்க சொல்லு. பக்கத்துக் குடியிருப்புக்காரங்களையும் வரச் சொல்லியிருக்கேன். இனிமே உன்னை வேலைக்குக் கூப்பிடறதுக்கு முன்னாடி அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

நெட்டையனின் பிழைப்பு அந்தத் தெருவின் ஐந்து குடியிருப்புகளை நம்பியிருந்தது. ஞாயிறு மாலைக்குள் தம் கை தூய்மையானது என்று காட்டாவிட்டால் அவர் ஊரை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

அவர் கருகிய பகுதியை வெட்டியெடுத்து, புதுக் கம்பியின் முனையில் உலோகப் பூண் மாட்டித் திருகாணியால் முறுக்கி, வீடுகளுக்கு மின்சாரம் கொடுத்தார். வெட்டியெடுத்த துண்டுடன் பின்பக்க வாசலுக்கு வந்தார்.

"அக்கா, நீங்க இதைப் பார்த்துச் சொல்லணும். இது என் வேலையா? நான் என்னைக்காவது இப்படிக் கட்டுவேனா?"

ஒரு சாண் நீளக் கம்பி. ஒரு பாதி அலுமினியம், மறு பாதி செம்பு. நடுவில் இழைகளைப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று கோத்து முறுக்கியிருந்தது. முறுக்கின்மேல் கரியாகிப்போன துணி நாடா. ஓரிடத்தில் மட்டும் அது எரியாமல் வெள்ளையாகவே இருந்தது. அங்கே ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடியிருந்தது. கடைசி முனை உள்ளே செருகப்பட்டிருந்தது.

"அண்ணன் வேலையும் இல்ல இது" என்றார் நெட்டையன். "அண்ணன் போட்ட இணைப்பு நூறு பார்த்திருக்கேன். பூண் வைக்காம விடமாட்டார். அவருக்கு அப்புறம் யாரோ வெளியாளு கை வெச்சிருக்கான். நீங்க ஞாயித்துக்கிழமை வந்து, இது நெட்டையன் கை இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க பேச்சுக்கு மதிப்பு இருக்கு."

"வெச்சுட்டுப் போ" என்றார் காயில் அக்கா. "வெளிச்சத்துல பார்க்கறேன்."

வெளிச்சம் போதுமான அளவு இருந்தது.

குடியிருப்புக்குத் தெரியாத ஒன்று அந்த வீட்டில் இருந்தது. பியூஸ்காரருக்குக் கடைசி மூன்று ஆண்டுகள் கண் தெரியவில்லை. சர்க்கரை நோய் முதலில் ஓரங்களைத் தின்றது. பிறகு நடுவையும் தின்றது. சங்கத்துக்குத் தெரிந்தால் வேலை போகும். ஆகவே கணவனும் மனைவியும் ஒன்றாக வேலைக்குச் செல்லத் தொடங்கினர். கருவிப்பை சுமக்க ஆள் இல்லை, அதனால் அக்கா வருகிறார் என்று ஊர் எண்ணியது. அவர் ஏணிமேல் நிற்பார். இவர் கீழே நின்று, "சிவப்பு வலக்கையில இருக்கு, கருப்பு இடக்கையில இருக்கு" என்று மெல்லச் சொல்வார். கதவைச் சாத்தக்கூடிய இடமென்றால் இவரே ஏறுவார். மீட்டர் அறைக்குக் கதவு உண்டு.

அது நடந்து இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. நியூட்ரல் முனை கருகியிருந்தது. கருகியதை வெட்டியதும் கம்பி குட்டையாகிவிட்டது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு துண்டுச் செம்புக் கம்பியை ஒட்டுப்போட்டார் காயில் அக்கா. தம் பட்டறையில் ஒட்டுப்போடும் முறையிலேயே போட்டார். ஈயம் பற்றவில்லை. அலுமினியத்தில் ஈயம் பற்றாது. அவர் கையில் அதுவரை செம்பைத் தவிர வேறொன்று வந்ததில்லை. ஈயம் பற்றாத குறையை நாடாவை இறுக்கிக் கட்டிச் சரிசெய்தார். அலுமினியம் வெப்பத்தில் நாளடைவில் நெகிழ்ந்து கொடுக்கும், திருகாணியின்றி அதை நம்பக்கூடாது என்பதை எந்த மின்பணியாளரும் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்வார். காயில் சுற்றும் ஒருவருக்கு அது ஒரு நாளும் தேவைப்படுவதில்லை. விசிறியின் கம்பியில் போவது சிற்றோடை. அங்கே போனதோ நாற்பத்திரண்டு வீட்டு வெள்ளம்.

இவ்வளவும் அவருக்கு ஐயமின்றி நினைவிருந்தது. ஒன்றுதான் நினைவில் நிற்கவில்லை. கட்டி முடித்ததும் அவர் கணவர் அதைத் தொட்டுப் பார்த்தாரா?

எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும் மனிதர் அவர். கண் போனபின் விரல்தான் அவருக்குக் கண். அந்த விரல் ஒட்டின்மேல் ஊர்ந்து, "சரி, மூடு" என்று அவர் சொன்னது காயில் அக்காவுக்குத் தெளிவாகக் கேட்டது. மறு கணம், அவர் கதவோரம் நின்று, எவரும் வருகிறார்களா என்று படிக்கட்டின் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்ததும் அதே தெளிவுடன் தெரிந்தது. முன்னது மெய்யானால் தவறு இருவருடையது. அவரும் ஒப்புக்கொண்ட தவறு. பின்னது மெய்யானால் அது இவருடையது மட்டுமே.

வியாழன், வெள்ளி, சனி. காயில் அக்கா விசிறிகளைப் பிரித்தார். பத்தொன்பது விசிறிகள், ஆறு மிக்ஸிகள், துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டார்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் சுண்ணக்கட்டியால் வீட்டு எண் எழுதியிருந்தது. திறந்தால் எல்லாவற்றிலும் ஒரே கருப்பு, ஒரே வாடை. உருவிய கம்பி காலடியில் குவிந்தது. விசிறி கழற்ற ஆள் இல்லாத வீடுகளுக்கு அவரே ஏணியுடன் போனார். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவிட்சுப் பலகையைச் சுற்றி, வண்ணம் மங்கிய சுவரில், கணவரின் விரல்கள் தடவிப் பார்த்த அழுக்கு வட்டம் இருந்தது. வீட்டுக்காரர்கள் அதைக் கவனித்திருக்கவில்லை. அவர் கண்ணுக்கு மட்டும் வீட்டுக்கு வீடு அந்த விரல்கள் முன்னால் போய்க் காத்திருப்பதுபோல் தோன்றியது.

ஆளற்ற நடுப்பகலில், மின்சாரம் சீராக வந்துகொண்டிருந்த நேரத்திலும், விளக்கு வெளுக்கிறதா என்று நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தார். உள்ளறையிலிருந்து சுவரைத் தேய்த்துக்கொண்டு ஒரு கை வரும் ஓசை கேட்டது. திரும்பவில்லை. "தொட்டீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டார். கை நின்றது.

வெள்ளிக்கிழமை இரண்டாம் மாடி நோயாளி மருத்துவமனையிலிருந்து திரும்பினார். சனிக்கிழமை மாலை நெட்டையன் வந்து எட்டிப் பார்த்தார். முகம் சவரம் செய்யப்படவில்லை.

"பார்த்தீங்களாக்கா?"

"பார்த்தேன்."

"நாளைக்கு வருவீங்கல்ல?"

"வருவேன்."

"என் பொண்ணுகிட்ட பள்ளிக்கூடத்துல கேட்டிருக்காங்க, உங்கப்பாதான் எல்லார் வீட்டையும் கொளுத்தினாராமேன்னு." சிரிக்க முயன்றார். "ஊர் வாயை மூட உலைமூடி ஏதுக்கா?"

ஞாயிறு மாலை ஐந்து மணி. வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தனர். பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்தும் சிலர் வந்திருந்தனர். செயலாளர் பொருள்களின் சேதப் பட்டியலைப் படித்தார். படித்து முடித்ததும் எல்லோரும் ஓரத்தில் நின்ற நெட்டையனைப் பார்த்தனர்.

காயில் அக்கா எழுந்து, கருகிய துண்டை மேசைமேல் வைத்தார்.

"இது இந்தத் தம்பி கட்டினது இல்ல. இது இவர் வர்றதுக்கு முன்னாடியே அங்க இருந்தது."

செயலாளர் துண்டைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அவர் முகம் இளகியது. "அப்போ அண்ணன் காலத்து வேலையா? அட, அதைச் சொல்லக்கூடாதா! போனவரை என்னத்தைப் பேசறது? விடுங்க. வயசான காலம், உடம்பு முடியாத காலம், ஏதோ நடந்துபோச்சு." கூட்டத்திலும் ஒரு பெருமூச்சு எழுந்தது. இறந்தவரிடம் கணக்குத் தீர்க்க எவரும் விரும்பவில்லை. நாற்காலிகள் நகரத் தொடங்கின. அப்படியே அமர்ந்துவிட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நெட்டையன் பிழைத்திருப்பார், காயில் அக்காவிடம் எவரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"அவர் வேலையும் இல்ல" என்றார் அவர். "நான் கட்டினது."

"நீங்களா? நீங்க எதுக்கு மீட்டர் ரூமுக்குள்ள போனீங்க?"

"அவருக்குக் கண்ணு தெரியாது. கடைசி மூணு வருஷமா."

"என்னம்மா சொல்றீங்க? எங்க வீட்டுல ஏணி மேல ஏறி நின்னாரே!"

"ஏறினார். கீழ நான் நின்னேன். எது என்ன நிறம்னு நான்தான் சொன்னேன். கதவு சாத்துற இடத்துல எல்லாம் நான் ஏறினேன். எனக்குக் காயில்தான் தெரியும். அலுமினியம் தெரியாது. தெரியாததைச் செஞ்சேன்."

ஓரிடத்தில் எவரோ இருமினார். இரண்டாம் மாடி நோயாளியின் மனைவி முன்வரிசையிலிருந்து எழுந்தார். அவர் குரலில் சினமில்லை.

"உங்க வீட்டுக்காரர் பார்த்த வேலைங்கிற தைரியத்துலதான் நாங்க அந்த மிஷினை ராவும் பகலும் ஓட விட்டோம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க கட்டி முடிச்சப்போ அவர் அதைத் தொட்டுப் பார்த்தாரா?"

நான்கு நாள்களாகத் தாம் கேட்டுவந்த கேள்வியை வேறொருவர் வாயிலிருந்து காயில் அக்கா முதன்முறை கேட்டார். அந்த மீட்டர் அறை அவர்முன் வந்து நின்றது. இரண்டு காட்சிகளும் அருகருகே வந்து நின்றன. ஒன்றில் விரல் ஒட்டின்மேல் இருந்தது.

"இல்ல" என்றார். "தொடல. அவருக்கு இதுல பங்கே இல்ல."

அந்த அம்மாள் தலையசைத்துவிட்டு அமர்ந்தார்.

நெட்டையன் வேலையில் நீடித்தார். அக்காவுக்கு அவர் நன்றி சொல்லவில்லை; நாற்காலிகளை அடுக்கும்போது அருகில் வந்து, "புதன்கிழமையே தெரிஞ்சிருக்குல்ல உங்களுக்கு? நாலு நாள் எல்லாரும் என்னை நாயைப் பேசற மாதிரிப் பேசவிட்டீங்களே அக்கா" என்று மட்டும் சொன்னார். அதன்பின் பல மாதங்கள் நெட்டையன் பின்பக்க வாசல் வழியே போகவில்லை. செயலாளர் வீட்டு விசிறி உட்பட எட்டு விசிறிகளை, பிரித்தது பிரித்தபடியே, உரியவர்கள் வந்து எடுத்துச் சென்றனர். மற்றவற்றைக் காயில் அக்கா ஒன்றரை மாதம் சுற்றினார். எவரிடமும் கூலி வாங்கவில்லை. ஈயம் வைத்த ஒவ்வோர் இணைப்பையும் இழுத்து இழுத்துப் பார்த்ததில் அவர் விரல் நுனிகள் பிளந்திருந்தன.

கூட்டம் முடிந்த அன்று வீட்டுக்குள் வந்ததும் மகள் கேட்டிருக்கிறாள்.

"அம்மா, அப்பா எதையும் தொடாம விடமாட்டாரே. நிஜமாவே தொட்டுப் பார்க்கலையா?"

"தெரியலடி. வாயில வந்தது, சொல்லிட்டேன்."

"இப்போ யோசிச்சுப் பாரேன். ஞாபகம் வரும்."

தாய் கண்களை மூடிக்கொண்டார். அவருடைய ஒரு கை காற்றில் எதையோ துழாவுவதுபோல் நீண்டு, பிறகு மெல்லக் கீழிறங்கியது.

"கம்பி தெரியுது. நாடா தெரியுது. டார்ச் வெளிச்சம் தெரியுது" என்றார். "அவர் விரலைத் தேடறேன், காணோம். கதவுகிட்டப் பார்க்கறேன், அங்கயும் இல்ல. நான் 'தொடல'ன்னு சொல்ற வரைக்கும் இருந்தாரு. இப்போ அந்த ரூம்ல நான் மட்டும்தான் இருக்கேன்."